வேலை நாள் ராத்திரிச் சாப்பாடு: தோசைக்கல்லா, குக்கரா?

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான் வேலை முடிந்து சேலம் ஐந்து ரோடு நெரிசலைக் கடந்து வீடு சேரும்போது மணி ஏழே கால் ஆகிவிடும், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் எட்டரைக்குள் சாப்பாடு வேண்டும், மாத்திரை போடுவதற்கு முன்னால் அத்தைக்கு (என் மாமியார்தான்) வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். இந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குள் என்ன செய்யலாம் என்று பல வருடமாக மாற்றி மாற்றிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சீக்கிரம் ஆகிற டிபன் எது என்று யாரைக் கேட்டாலும் தோசை என்பார்கள். மாவு இருக்கிறது, கல் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுட்டேன். ஒரு தோசைக்கு இரண்டரை நிமிடம், ஐந்து பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் 15 தோசை, அதாவது 37 நிமிடத்துக்கு மேல் அடுப்புக்கு முன்னால் நின்றாக வேண்டும், சட்னி அரைத்தது தனி. எல்லோரும் சூடாகச் சாப்பிட்டு எழுந்த பிறகு சுட்டவர் கடைசியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். அன்றிலிருந்து மொத்தம் எத்தனை நிமிடம் என்று நான் கேட்பதில்லை. எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், எத்தனை பாத்திரம் தேய்க்க விழும், சமைத்தவர் எல்லோரோடும் சேர்ந்து உட்கார முடியுமா, இதைத்தான் பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தால் நம் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதத்தை எதுவும் நெருங்க முடியாது. 2 டம்ளர் பொன்னி அரிசி, முக்கால் டம்ளர் துவரம் பருப்பு, இரண்டையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டு, குக்கரிலேயே எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, மஞ்சள் தூள் என்று வரிசையாகப் போட்டு வதக்கி, அளந்த டம்ளரால் எட்டேகால் டம்ளர் தண்ணீர், உப்பு, அப்புறம் அரிசி பருப்பு. நான்கு விசில். நிற்பது மொத்தமே பத்து நிமிடம்தான், மீதி 25 நிமிடம் குக்கர் பார்த்துக்கொள்ளும், நான் முகம் கழுவிச் சின்னவனின் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு வந்தால் பிரஷர் தானாக அடங்கியிருக்கும். மேலே ஒரு கரண்டி நெய், தொட்டுக்கொள்ள தயிரும் சுட்ட அப்பளமும். தேய்க்க விழுவது ஒரு குக்கர்.

சத்து என்று பார்த்தாலும் இதுதான் மேல். புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆனது, அவற்றில் லைசின் என்பது அரிசியில் குறைவு, பருப்பில் அது நிறைய இருக்கிறது. பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடுகிறது, அதனால் இதற்குத் தனியாகக் குழம்பு, பொரியல் என்று ஓட வேண்டியதில்லை. வெங்காயம் உரிப்பதுதான் ஒரே இடைஞ்சல், அதை ஞாயிற்றுக்கிழமையே உரித்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன், புதன் வரை தாங்கும்.

ஏற்காட்டில் இருக்கும் என் அண்ணிக்குத் தோசை இன்னும் சிரமம். அங்கே குளிர்காலத்தில் மாவு ராத்திரி முழுக்க வைத்தாலும் பொங்காது, இங்கே சித்திரை மாதத்தில் மதியத்துக்குள் புளித்து வழிகிறது. கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறவர்கள் கோடையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மாவு மெதுவாகப் புளித்துக்கொண்டேதான் இருக்கும். அண்ணி சொல்லும் இன்னொரு விஷயம், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது என்பது. வேகவே வேகாது என்றில்லை, ஆனால் வேக ரொம்ப நேரம் ஆகும் என்பது உண்மைதான், ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 95 டிகிரி பக்கமே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் அந்தச் சூடு நூறைத் தாண்டிப் போகிறது. மலைமேல் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், குக்கர்தான்.

சேலத்துக்காரர்கள் ஜவ்வரிசி உப்புமாவைச் சொல்லாமல் விட முடியாது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் வேலை நாளுக்கு இது நம்ப முடியாத ஆள். காலையில் கிளம்பும் முன் இரண்டு மூன்று தடவை கழுவி, மேலே இருக்கும் மாவு போன பிறகு, தண்ணீரை வடித்துவிட்டு லேசான ஈரத்தோடு மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் ராத்திரி 12 நிமிடத்தில் உதிரி உதிரியாக வரும். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் களிதான். மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது என்பதால் மாவுச்சத்தைத் தவிரப் பெரிதாக எதுவும் கிடையாது, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை இரண்டு கைப்பிடி போட்டால்தான் பிள்ளைகளுக்குப் பசி தாங்கும். மாதத்தில் இரண்டு நாள் போதும்.

ரவை உப்புமாவுக்கும் காய்ந்த சேவைக்கும் நடுவில் எது என்றால் நான் சேவை பக்கம். இரண்டுமே கால் மணி நேரம், ஒரே வாணலி. உப்புமா ஆறினால் இறுகிவிடுகிறது, என் கணவர் எட்டே முக்காலுக்கு வந்து தட்டைத் திறக்கும்போது அது கட்டியாக இருக்கும். சேவையைக் கொதித்த தண்ணீரில் பாக்கெட்டில் சொன்னபடி போட்டு வடித்து, எலுமிச்சையோ தேங்காயோ தாளித்துப் புரட்டி வைத்தால் ஆறினாலும் நன்றாகவே இருக்கும். ஊரில் பிழிகிற சந்தகை ருசி இதில் வராது, அதற்கு இட்லி அவித்துப் பிழிய ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு கைகளும் வேண்டும். சப்பாத்தி? பிசைய, ஊற, தேய்க்க, சுட என்று நான்கு வேலை, அதோடு குருமாவும். வாரநாளில் வேண்டாம்.

பார்சல் பரோட்டா ஒன்றுதான் அடுப்பே பற்ற வைக்காமல் ஆகிற காரியம். ஆனால் போனில் சொல்லிவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் குக்கர் நான்கு விசில் அடித்துவிடும், ஐந்து பேருக்கு 500 ரூபாய் தாண்டிவிடுகிறது, அத்தையால் மைதாவை ராத்திரியில் செரிக்க முடிவதில்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் அதற்கு, அன்றைக்கும் அத்தைக்கு மோர் சாதம்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பிள்ளைகள் டியூஷன் விட்டு வரும் வழியில் தட்டுவடை செட் (இரண்டு தட்டைக்கு நடுவில் சட்னியும் துருவிய காயும் வைத்துத் தரும் எங்கள் ஊர்த் தீனி) சாப்பிட்டுவிட்டு வருகிற நாளில் எதைச் செய்து வைத்தாலும் பாதி மீந்துவிடுகிறது. இப்போதெல்லாம் ஆறரைக்கே பெரியவளுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன். செட் சாப்பிட்டாச்சு என்றால் குக்கரில் அரிசி ஒரு டம்ளர்தான்.