காகிதமா, மொட்டை அம்பா? காம்பவுண்ட் வில்லை ட்யூன் செய்ய எதை நம்பலாம்

என் காம்பவுண்ட் வில்லுக்கு (முனைகளில் சக்கரங்களும் அவற்றை இணைக்கும் கேபிள்களும் கொண்ட நவீன வில்) புது நாணும் கேபிள்களும் போட்ட மறுநாளே தெரிந்துவிட்டது, அம்பு நேராகப் போகவில்லை என்று. வால் ஆடிக்கொண்டே போவது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. இலக்கில் குத்தி நின்ற அம்புகளும் சாய்ந்தே நின்றன. அடுத்த இரண்டு வாரமும் காகிதத்தின் முன்னால்தான் நின்றேன். கடைசியில் கிழிசலே இல்லாமல், அம்பின் பருமனுக்கு ஒரு வட்டத் துளையும் மூன்று இறகுகளின் கீறலும் மட்டும் விழுந்தன. வேலை முடிந்தது என்று நம்பி 50 மீட்டர் கோட்டுக்குப் போனால், 80 செ.மீ. இலக்கின் 8 செ.மீ. பத்து வளையத்தைச் சுற்றி அம்புகள் சிதறிக் கிடந்தன. அதன் பிறகுதான் மூன்று அம்புகளின் இறகுகளைச் சுரண்டி எடுத்தேன். காகிதம், இறகில்லாத அம்பு என்ற இந்த இரண்டு வழிகளில் எனக்கு எது உதவியது, ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டின் திருகுகள் இறுகியிருக்கின்றனவா, நாக் (அம்பின் வாலில் நாண் பொருந்தும் பிளவு) நாணில் அளவாகக் கவ்வுகிறதா, இரண்டு கேம் (முனைச் சக்கரம்) உள்ள வில்லானால் இரண்டும் ஒரே நேரத்தில் கடைசி நிலைக்கு வருகின்றனவா? கேம்களின் நேரம் பிசகினால் நாக் மேலும் கீழுமாக அலையும். அதை ரெஸ்ட்டை நகர்த்திச் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. இறகு ரெஸ்ட்டிலோ கேபிளிலோ உரசுகிறதா என்பதற்குப் பாதங்களுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை இறகில் அடித்து எய்து பாருங்கள். உரசிய இடத்தில் பவுடர் அழிந்திருக்கும்.

ஸ்பைன், அதாவது அம்புத்தண்டின் விறைப்பு, வில்லுக்குப் பொருந்தவில்லை என்றால் எந்த ட்யூனிங்கும் உருப்படாது. 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு வளைகிறதோ, அதுதான் அம்பில் போட்டிருக்கும் ஸ்பைன் எண். 500 என்று போட்டிருந்தால் அரை அங்குலம் வளைகிறது என்று பொருள். எண் கூடக் கூட அம்பு நெகிழ்வானது. ஆனால் வில்லிலிருந்து புறப்படும்போது அந்த எண் மட்டும் போதாது. அம்பு நீளமானால், முனை கனத்தால், வில்லின் பவுண்டை (இழுவிசையை) கூட்டினால், அதே அம்பு இன்னும் நெகிழ்வாக நடந்துகொள்ளும். அதனால் சின்னச் சின்ன ஸ்பைன் குறைகளுக்குப் பவுண்டை ஒரு சுற்று ஏற்றியோ இறக்கியோ பார்க்கலாம். பெரிய குறை என்றால் அம்பைத்தான் மாற்ற வேண்டும்.

இனி காகிதம். ஒரு சட்டத்தில் தாளை இறுக்கி ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, அம்பைத் தாளின் வழியே பின்னாலுள்ள தடுப்புக்குள் விட வேண்டும். முனை போட்ட துளையிலிருந்து வால் எந்தப் பக்கம் கிழித்திருக்கிறதோ, அந்தப் பக்கம் வால் விலகிப் போயிருக்கிறது. கிழிசல் மேல்நோக்கி இருந்தால் நாக் பொருத்தும் இடம் உயரமாக இருக்கிறது, அதை இறக்குங்கள் அல்லது ரெஸ்ட்டை ஏற்றுங்கள். கீழ்நோக்கி இருந்தால் இதற்கு நேர்மாறு. மேல்-கீழ் விஷயத்தில் காகிதம் வேகமானது, தெளிவானது. புது வில்லை வாங்கிய அன்றே ஓரளவுக்கு நேராக்கிவிட இதைவிடச் சுலபமான வழி இல்லை. வீட்டுக்குள் பாதுகாப்பான தடுப்பு இருந்தால் மழையிலும் செய்யலாம்.

இட-வலக் கிழிசல் வந்தால் ரெஸ்ட்டை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதற்கு ஆளுக்கொரு விதி சொல்கிறார்கள், சில விதிகள் ஒன்றுக்கொன்று முரண்படவும் செய்கின்றன. நான் மனப்பாட விதிகளை விட்டுவிட்டேன். அரை மில்லிமீட்டர் நகர்த்தி, மூன்று அம்பு விட்டு, கிழிசல் சிறுக்கிறதா பெருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். ரெஸ்ட்டையும் பவுண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

காகிதத்தின் பெரிய குறை, அது ஒரே ஒரு கணத்தைத்தான் காட்டுகிறது என்பது. நாணை விட்டுக் கிளம்பிய அம்பு முதல் சில மீட்டர்களில் வளைந்து நிமிர்ந்து அதிர்ந்துகொண்டே போகிறது. இரண்டு மீட்டரில் அது நிமிரும் நேரம் தாளைத் தொட்டால் அழகான துளை விழும். அதே அம்பு நான்கு மீட்டரில் இடப்பக்கம் கிழிக்கலாம். ஆகவே காகிதம்தான் வைத்துப் பார்ப்பேன் என்பவர்கள் இரண்டு, நான்கு, ஆறு மீட்டர் என்று தள்ளிப் போயும் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை. இரண்டு மீட்டரிலேயே நின்றுவிட்டேன்.

களத்தில் ‘பேர் ஷாஃப்ட்’ என்பார்கள், எனக்கு அது மொட்டை அம்பு. இறகுள்ள அம்பு தவறாகக் கிளம்பினாலும் இறகுகள் காற்றைப் பிடித்து வாலைத் திருத்திவிடும். மொட்டை அம்புக்கு அந்தத் துணை கிடையாது. எப்படிக் கிளம்பியதோ அப்படியே போய் விழும். செய்முறை எளிது. ஒரே தொகுதியிலிருந்து மூன்று அம்பு இறகோடு, இரண்டோ மூன்றோ இறகில்லாமல். இறகு போன எடையை ஈடுகட்ட அதே இடத்தில் மெல்லிய டேப்பைச் சுற்றிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே புள்ளியைக் குறி வைத்து எய்ய வேண்டும். முதலில் 5 மீட்டர், பிறகு 10, அது சரியாக இருந்தால் மட்டும் 20. மோசமாக ட்யூன் ஆன வில்லில் மொட்டை அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது, அதனால் பெரிய இலக்கும் பின்னால் நல்ல தடுப்பும் கட்டாயம். மொட்டை அம்பு சாய்வாகக் குத்தும்போது தண்டில் பளு ஏறும். கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் பிடுங்கியதும் வளைத்துப் பார்த்து, விரிசல் சத்தம் கேட்டால் அப்போதே உடைத்துப் போட்டுவிடுங்கள்.

மொட்டை அம்பு இறகுள்ளவற்றுக்கு மேலே விழுந்தால் நாக் பொருத்தும் இடம் தாழ்ந்திருக்கிறது, ஏற்றுங்கள். கீழே விழுந்தால் இறக்குங்கள். இவ்வளவுதான் என்றால் காகிதம் சொன்னதையே இதுவும் சொல்கிறது என்று விட்டுவிடலாம். எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு.

20 மீட்டரில் நான் விட்ட முதல் மூன்று மொட்டை அம்புகளும் மூன்று திசையில் போயின. ஒன்று இடப்பக்கம் ஒரு சாண், இன்னொன்று வலப்பக்கம் நாலு விரல், மூன்றாவது இறகுள்ள அம்புகளோடு ஒட்டி. இதைப் பார்த்ததும் ரெஸ்ட்டைத் தொட நீண்ட கையை இழுத்துக்கொண்டேன். வில்லில் குறை என்றால் அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் குறைப்படும். ரெஸ்ட் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் மூன்று அம்புக்கும் அதே ஒரு மில்லிமீட்டர்தான். அப்படியானால் மூன்றும் தவறான இடத்தில், ஆனால் ஒன்றாக விழுந்திருக்க வேண்டும். சிதறுகிறது என்றால் ஒவ்வொரு அம்புக்கும் ஏதோ ஒன்று மாறுகிறது. என் வில்லில் அப்படி மாறியது என் இடது கை.

கிரிப்பைப் பிடித்திருந்த விதத்தைக் கவனித்தேன். முழு உள்ளங்கையும் பதிந்து, குறி நிலைபெறும் நேரத்தில் விரல்கள் இறுகின. அந்த இறுக்கம் ரைசரை, அதாவது வில்லின் நடுச்சட்டத்தை, ஒரு பக்கமாகத் திருகுகிறது, அம்புக்கு அம்பு வேறு அளவில். இறகுகள் அந்தத் திருகலில் பெரும்பகுதியை மறைத்துவிட்டதால் 20 மீட்டரில் தெரியவில்லை, 50 மீட்டரில் தெரிந்தது. காகிதம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று பிறகு யோசித்தேன். காகிதத்தின் முன்னால் நிற்கும்போது எனக்குக் குறியே இல்லை. வெற்றுத்தாளைப் பார்த்து விடுகிறேன், கை அவ்வளவாக இறுகுவதில்லை. பத்தைத் தேடும்போது எய்யும் கை வேறு. அதுமட்டுமல்ல, நல்ல துளை விழுந்ததும் நிறுத்திவிட்டேன். அடுத்த ஐந்து அம்பும் அதே துளையைப் போடுமா என்று பார்க்கவில்லை.

பிடியை மாற்றினேன். கட்டைவிரலின் அடிச்சதை மட்டும் கிரிப்பில் தாங்க, விரல் முட்டிகள் ஏறத்தாழ 45 டிகிரி சாய்ந்திருக்க, விரல்கள் தொங்க. வில் விழுந்துவிடுமோ என்ற பயம் போக வில்லைக் கையோடு பிணைக்கும் ஸ்லிங் வார் ஒன்றைக் கட்டிக்கொண்டேன். பத்து நாளில் மொட்டை அம்புகள் ஒன்று கூடின. இறகுள்ளவற்றுக்குக் கீழே, கொஞ்சம் இடப்பக்கம், ஆனால் ஒன்றாக. அதன் பிறகுதான் வில்லைத் தொட்டேன். ரெஸ்ட்டை ஒரு மில்லிமீட்டர் ஏற்றி, பக்கவாட்டில் இரண்டு தடவை அரை அரை மில்லிமீட்டர் நகர்த்தியதும் ஐந்து செ.மீ.க்குள் வந்துவிட்டது. இரண்டு வாரக் காகித வேலையில் என் கையின் திருகலுக்கு ஏற்ப ரெஸ்ட்டை நகர்த்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்காக எல்லாருக்கும் முதல் நாளே மொட்டை அம்பைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். இறகுள்ள அம்புகளையே 20 மீட்டரில் ஒரு கைக்குள் சேர்க்க முடியாதவருக்கு மொட்டை அம்பு குழப்பத்தைத்தான் தரும். அவருக்குக் காகிதம் போதும். நான் சொல்வதெல்லாம் நாணைக் கவ்வி விடுவிக்கும் ரிலீஸ் கருவியால் எய்பவர்களுக்கு. விரலால் நாணை விடும்போது நாண் விரலைச் சுற்றிப் பக்கவாட்டில் உருண்டு போவதால் அம்பு வேறுவிதமாக வளையும், அந்த அனுபவம் எனக்கு இல்லை.

வாக்-பேக் என்ற மூன்றாவது வழியும் உண்டு. ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு, அதன் மேல்முனையை எப்போதும் 20 மீட்டருக்கான சைட் முள்ளைக் கொண்டே குறி வைத்து, 30, 40, 50 என்று பின்னால் போய்க்கொண்டே எய்ய வேண்டும். அம்புகள் நூலை ஒட்டிக் கீழே இறங்கினால் ரெஸ்ட் நடுவில் இருக்கிறது, சாய்கோடாகப் போனால் இல்லை. மொட்டை அம்பு முடிந்த பிறகு சரிபார்க்க நல்லது. இடமும் காற்றில்லாத நாளும் வேண்டும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறைதான் செய்கிறேன். பிராட்ஹெட் (வேட்டைக்கான கத்திமுனை) போட்டு ஒப்பிடும் முறையை இரவல் முனைகளோடு இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். தட்டையான அந்த முனைகள் முன்பக்கத்து இறகு போல நடந்துகொண்டு சிறு குறையையும் பெரிதாக்கிக் காட்டின. வேட்டைக்குப் போகிறவர்கள் கடைசியில் அதைத்தான் செய்தாக வேண்டும்.

ஒருமுறை ட்யூன் செய்தால் அப்படியே நிற்காது. புது நாண் முதல் சில நூறு அம்புகளில் இழுபடும், கேபிள் நீளும், நாணில் குறிபார்க்க வைக்கும் துளையான பீப் திரும்பும். காகிதச் சட்டத்தை ஒவ்வொரு முறையும் எடுத்து வைக்க எனக்குச் சோம்பல். மொட்டை அம்புகளில் இரண்டு எப்போதும் அம்புக்கூட்டிலேயே இருக்கின்றன. பயிற்சி தொடங்கி உடல் சூடானதும் அவற்றை முதலில் விடுகிறேன், விழுந்த இடத்தை நோட்டில் குறிக்கிறேன். மூன்று வாரமாக இரண்டும் இரண்டு விரல் கீழே விழுகின்றன, ஆனால் ஒட்டியே விழுகின்றன. கையில் குறையில்லை. டி-லூப் (நாணில் ரிலீஸ் கருவி மாட்டும் சிறு வளையம்) மேலே நகர்ந்திருக்கிறதா, கேம்களின் நேரம் பிசகியிருக்கிறதா என்று நாளைக் காலை அளந்து பார்க்க வேண்டும்.