பெத்ரேனில் ஒரு பறவை வகுப்பு: அட்டைச் சிறகு கட்டிய பிள்ளைகள்

பள்ளி விடுமுறையில் அண்ணன் பிள்ளைகள் இருவரையும் இங்கே மொரீஷியஸில் உள்ள பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 6. அங்கே பெத்ரேன் பக்கம் ஒரு சிறு குழு பிள்ளைகளுக்கு அரைநாள் பறவை வகுப்பு நடத்துகிறது. நான் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். கரும்பலகை இல்லாத பாடம் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசை.

முதலில் அலகு விளையாட்டு. ஒருவர் கையில் துணி கிளிப், இன்னொருவர் கையில் உறிஞ்சுகுழல், மற்றவருக்குக் கரண்டி. தரையில் பருப்பு, மூங்கில் குழாயில் பழச்சாறு. உறிஞ்சுகுழல் கிடைத்த எங்கள் பையன் பருப்பைப் பார்த்து அழுதேவிட்டான். மூங்கிலுக்குப் போனதும் ராஜா ஆனான். வளைந்த மெல்லிய அலகால் தேன் குடிக்கும் இந்தத் தீவின் ஆலிவ் வெள்ளைக்கண்ணியைப் படத்தில் காட்டியபோது, "அது நான்தான், அத்தை" என்றான்.

சிறகு விளையாட்டுக்காகவே இன்னொரு முறை போவேன். பாதிப் பேருக்கு நீண்ட அட்டைச் சிறகு, பாதிப் பேருக்குக் குட்டையான வட்டச் சிறகு. நெருங்கிய மரங்களுக்கு நடுவே ஓடி, அடிமரத்தில் ஒட்டிய காகிதப் பல்லியைப் பறிக்க வேண்டும். நீண்ட சிறகுக்காரர்கள் கிளைதோறும் மாட்டிக்கொண்டார்கள். காட்டுக்குள் பல்லி பிடிக்கும் மொரீஷியஸ் கெஸ்ட்ரலுக்குச் சிறகு ஏன் குட்டை என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சின்ன வல்லூறுக்கு நம் கிரியோல் மொழியில் 'கோழி தின்னி' என்று பெயர் வைத்து, சுட்டும் கொன்றார்கள். பூச்சிமருந்தும் சேர்ந்துகொள்ள, 1974இல் காட்டில் எஞ்சியவை வெறும் 4. இதைச் சொன்னபோது பிள்ளைகள் கப்சிப்.

மலைமுனையில் பள்ளத்தாக்குக்கு மேலே பை-ஆன்-கே மிதந்தது. ஏர் மொரீஷியஸ் விமானத்தில் இருக்கும் அதே வெள்ளைப் பறவை. கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் தரையில் அதற்கு நடக்க வராது என்றதும், எல்லோரும் வயிற்றால் நகர்ந்து பார்த்தார்கள். துணி துவைத்தது நான்.

ஒரு குறையை மட்டும் அவசியம் சொல்ல வேண்டும். "காட்டுக்காகக் கெஸ்ட்ரல் சிறகைக் குட்டையாக்கிக்கொண்டது" என்று வழிநடத்திய தம்பி சொன்னார். பறவை நினைத்தால் சிறகு குறையாது. குட்டைச் சிறகோடு பிறந்தவை அதிகம் பிழைத்து, அதிகம் குஞ்சு பொரித்தன. தலைமுறை தலைமுறையாக அதுவே நிலைத்தது. விளையாட்டிலேயே இதைக் காட்டலாமே! பல்லி கிடைக்காதவர் வெளியேறட்டும், அடுத்த சுற்றில் அவர் இடத்துக்கு ஜெயித்தவரின் சிறகோடு ஒரு 'குஞ்சு' வரட்டும். வகுப்பு முடிந்ததும் அவரிடமே சொன்னேன், நோட்டில் குறித்துக்கொண்டார்.

14 பிள்ளைகளுக்கு 3 தொலைநோக்கி போதாது. விளக்கமெல்லாம் வேகமான பிரெஞ்சில். சின்னவனுக்கு நான் கிரியோலில் சொன்னேன், கூடவே தமிழில் 'அலகு', 'இறகு', 'சிறகு'. இறகும் சிறகும் ஒன்றல்ல என்பது கீழே கிடந்த ஓர் இறகை எடுத்துக் காட்டியதும் அவனுக்குப் புரிந்தது.

8 வயதுக்கு மேல் என்றால் தாராளமாக அனுப்புங்கள். மழைச்சட்டை கட்டாயம், கீழே வெயிலடித்தாலும் பெத்ரேனில் தூறும்.