பன்றியோடு இலவசமாக வந்த மூன்று மூட்டைத் தீவனம்: வளர்ப்புக்கு வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

பதினைந்து வளர்பன்றிகள் வாங்கினேன். கூடவே மூன்று மூட்டைத் தீவனம் இலவசமாகக் கொடுத்தார்கள். நான் ஏமாந்தது முழுக்க அந்த மூன்று மூட்டைக்குள்தான் இருந்தது என்று புரிய எனக்கு ஒன்றரை மாதமும் ஒன்பது பன்றிகளும் ஆயின.

விற்றவர் பெயரையோ பண்ணைப் பெயரையோ எழுதப்போவதில்லை. கையில் ஆதாரம் கிடையாது. ஏன் கிடையாது என்பதையும் சொல்கிறேன், அதிலும் என் முட்டாள்தனம் இருக்கிறது.

குட்டிகள் ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ இருக்கும். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ஒவ்வொன்றாக வாலைத் தூக்கிப் பார்த்தேன், எதன் பின்புறத்திலும் ஈரமோ கறையோ இல்லை. தரையில் சாணம் உருண்டையாகக் கிடந்தது. ஊசி பற்றிக் கேட்டேன். "எல்லாம் போட்டாச்சு சார், ரத்தக்கழிச்சலுக்கும் சேர்த்து" என்றார். அந்த வார்த்தையிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். பிறந்த குட்டிகளுக்கு ஈ.கோலை என்ற கிருமியால் வரும் கழிச்சலுக்கு ஊசி உண்டு, அதைத் தாய்ப்பன்றிக்குப் போடுவார்கள். குடல் சுவர் தடித்துப்போகும் லாசோனியா நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. ஆனால் வளர்பன்றிகளின் ரத்தக்கழிச்சலுக்கு, அதாவது பன்றி டிசென்ட்ரிக்கு, எல்லாரும் வாங்கிப் போடுகிற மாதிரி தடுப்பூசி எதுவும் சந்தையில் இல்லை. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. எல்லாவற்றுக்கும் ஊசி போட்ட பண்ணை என்று சந்தோஷப்பட்டேன்.

வண்டியில் ஏற்றும்போது மூன்று மூட்டையையும் ஏற்றினார். "தீவனம் திடீர்னு மாறினா வயிறு கலங்கும் சார். பத்து நாளைக்கு நம்ம தீவனத்தையே போடுங்க, அப்புறம் உங்களோடதுக்கு மாத்திக்குங்க." சொன்னதில் தப்பே இல்லை, தீவனம் மாறினால் வயிறு கலங்கத்தான் செய்யும். உண்மையான அறிவுரைக்குள் ஒளித்துவைத்த பொய்யைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மூட்டை வெறும் வெள்ளைச் சாக்கு. சீட்டு இல்லை, அச்சடித்த எழுத்து ஒன்றுகூட இல்லை.

ஒன்பது நாளில் தீவனம் தீர்ந்தது. அதுவரை பிள்ளைகள் போலத் துள்ளிக்கொண்டிருந்தன. அதன் பிறகு என் தீவனத்துக்கு மாற்றினேன். என் தீவனம் என்றால், மலிவாகக் கிடைத்த கோழித் தீவனத்தைப் பாதிக்குப் பாதி கலந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பதினாறாம் நாள் இரண்டு பன்றிகளின் சாணம் இளகியது. சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி, மேலே பளபளவென்று சளி. தீவனம் மாறியதால்தான் என்று விட்டுவிட்டேன், அவர்தான் முன்கூட்டியே சொல்லியிருந்தாரே. இரண்டு நாளில் சளிக்குள் ரத்தம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. விலா ஒட்டிப்போய், முதுகு வளைந்து நின்றன. தீவனத் தொட்டிப் பக்கமே வரவில்லை, ஆனால் தண்ணீர்க் குழாயை விடவில்லை.

இங்கேதான் இரண்டாவது ஆள் வருகிறார். பண்ணை பண்ணையாக மருந்து கொண்டுவந்து கொடுப்பவர். கைப்பேசியில் படம் அனுப்பினேன். "அண்ணே, குடல் தொற்றுதான், பார்த்தாலே தெரியுதே" என்றார். மறுநாள் காலையில் இரண்டு பிளாஸ்டிக் பை கொண்டுவந்தார். உள்ளே வெள்ளைப் பவுடர். பையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் "குடல் 1", "குடல் 2" என்று எழுதியிருந்தது. முதல் பையைத் தீவனத்தில் கலந்து கொடுங்கள், நிற்காவிட்டால் இரண்டாவது. என்ன மருந்து என்று கேட்டேன். "காம்பினேஷன் அண்ணே, எல்லாக் கிருமிக்கும் கேட்கும்."

தீவனத்தில் கலந்தேன். கொஞ்சம் யோசித்தால் போதும்: நோய் கண்ட பன்றி தீவனம் தின்பதில்லை, தண்ணீர்தான் குடிக்கிறது. தீவனத்தில் கலந்த மருந்து யார் வயிற்றுக்குப் போகும்? நன்றாக இருப்பதன் வயிற்றுக்கு. ஆறு நாள் இதைச் செய்தேன். நான்கு செத்தன. கொட்டகையின் சாய்வு, நான் முன்பே வளர்த்துவந்த பழைய பன்றிகள் இருக்கும் பக்கம் என்பதால் கழிவுநீர் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. என் காலணியும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். பழைய பன்றிகளுக்கும் கழிச்சல் தொடங்கியது. அளவைக் கூட்டச் சொன்னார் மருந்துக்காரர். கூட்டினேன்.

ஐந்தாவது செத்த அன்று கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். முதல் நாளே கூப்பிட்டிருக்கலாம். செலவு என்று தள்ளிப்போட்டேன். அவர் உயிரோடு இருந்தவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செத்ததை வெட்டிப் பார்க்க உட்கார்ந்தார். எனக்கு அது ஒரு பாடம்.

சிறுகுடலை முழுக்க உருவிப் பார்த்தார். மெல்லியதாக, சாதாரணமாக இருந்தது. கடைசிப் பகுதியை விரலால் நசுக்கிக் காட்டினார். லாசோனியா என்றால் இந்த இடம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் மாதிரி தடித்திருக்கும் என்றார். பிறகு பெருங்குடலைப் பிளந்தார். உள்ளே முழுக்கச் சளியும் ரத்தமும், சுவர் வீங்கிச் சிவந்து, மேலே சீஸ் மாதிரி ஒரு படலம். சளியைக் கழுவிவிட்டு, சாட்டைப்புழு இருக்கிறதா என்று தேடினார். அந்தப் புழுவும் இதே போலச் சளியும் ரத்தமும் கழிய வைக்குமாம். புழு இல்லை. சால்மோனெல்லா என்ற கிருமி என்றால் குடலில் பட்டன் பதித்தது போலப் புண் இருக்கக்கூடும், குடலை ஒட்டிய நிணநீர்க் கட்டிகள் நன்றாகப் பெருத்திருக்கும். அதுவும் இல்லை. "பெருங்குடலில் மட்டும் தாக்கியிருக்கிறது. டிசென்ட்ரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் லேப் சொல்லட்டும்" என்றார். நான் கேட்டதற்காக இன்னொன்றும் சொன்னார்: பிறந்து மூன்று நாளுக்குள் ரத்தமாகக் கழிந்து குட்டிகள் சாவது வேறு நோய், அது க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் சி வகை. ரத்தம் என்றாலே ஒரே நோய் என்று முடிவுகட்டக் கூடாது. வெளியில் பார்க்க எல்லாமே ஒன்று போலத்தான் இருக்கும். கைப்பேசிப் படத்தில் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் மருந்து என்ன கொடுத்தீர்கள் என்றார். "குடல் 1" பையை நீட்டினேன். அவர் முகம் போன போக்கை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மருந்துக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். முதலில் அதே "காம்பினேஷன்". இரண்டாம் முறையும் "காம்பினேஷன்". எழுத்தில் புகார் கொடுப்பேன் என்றதும் பதில் வந்தது: ஒன்று கொலிஸ்டின், இரண்டு டியாமுலின்.

கொலிஸ்டின் பற்றி அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. பால் மறந்த குட்டிகளின் ஈ.கோலை கழிச்சலுக்கு அது வேலை செய்யும், அந்த அனுபவத்தில்தான் எல்லாக் கழிச்சலுக்கும் இதை அள்ளி வீசுகிறார்கள். ஆனால் டிசென்ட்ரியை உண்டாக்கும் பிராக்கிஸ்பைரா ஹையோடிசென்டரியே என்ற சுருள் கிருமியை லேபில் வளர்ப்பதற்கான தட்டிலேயே கொலிஸ்டினைக் கலந்துவைப்பார்களாம். மற்ற கிருமிகள் அதில் செத்துவிடும், இது மட்டும் சுகமாக வளரும். அதாவது, ஆறு நாள் நான் என் பன்றிகளின் குடலில் அந்தக் கிருமிக்குக் களை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அது மட்டுமா. கொலிஸ்டின், வேறு எதுவும் கேட்காத தொற்று வந்த மனிதர்களுக்குக் கடைசியாக எடுக்கும் மருந்து. அதற்கு மசியாத தன்மையை ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் மரபணுவை 2015-இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அது இருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் "குடல் 1" என்று எழுதித் தரும் சமாச்சாரம் இல்லை அது.

சரி, இரண்டாவது பையில் இருந்தது டிசென்ட்ரிக்குக் கொடுக்கும் மருந்துதானே, அதையாவது முதலில் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். மருத்துவர் பதில் சொல்லாமல் தீவன மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். கோழித் தீவனத்தின் சீட்டில் சின்ன எழுத்தில் சாலினோமைசின் என்று இருந்தது. கோழிகளுக்கு வரும் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்ப்பது. சாலினோமைசின், மொனென்சின், நராசின் போன்றவை உடம்பில் இருக்கும்போது டியாமுலின் கொடுத்தால், கல்லீரல் அவற்றை வெளியேற்ற முடியாமல் போய் அவை விஷ அளவுக்கு ஏறிவிடும். தசை கெட்டு, கால் தள்ளாடி, பன்றி விழுந்து சாகும். இரண்டுக்கும் இடையில், முன்னும் சரி பின்னும் சரி, குறைந்தது ஏழு நாள் இடைவெளி வேண்டும். அன்று மாலை நான் "குடல் 2" பையைப் பிரிப்பதாக இருந்தேன். என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று அந்த மருந்துக்காரர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மருந்து எதுவும் தொடாத, அன்றுதான் கழிச்சல் தொடங்கிய பன்றியிலிருந்து சாம்பிள் எடுத்தார்கள். மருந்து கொடுத்துவிட்டு எடுத்தால் கிருமி ஒளிந்துகொண்டு பொய்யான விடை வரலாம். சாம்பிளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தார்கள், உறைய விடவில்லை. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையின் முடிவு அவர் நினைத்ததையே சொன்னது. காற்று இல்லாத இடத்தில் வளரும் கிருமி இது, லேபில் வளர்ப்பது கஷ்டம். இந்த நோயை 1921-லேயே விவரித்துவிட்டார்கள், கிருமி எது என்று பிடிபட 1970-கள் ஆகிவிட்டன. கோழித் தீவனத்தை நிறுத்தி, ஏழு நாள் வரை வேறு மருந்தையும், அதன் பிறகு டியாமுலினையும் தண்ணீரில் கொடுத்தோம். அளவை எழுதமாட்டேன், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் கழிச்சல் நின்றது. அதற்குள் மொத்தம் ஒன்பது போய்விட்டன.

விற்றவருக்குப் போன் செய்தேன். கத்தவில்லை, நடந்ததை மட்டும் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான்தான் சொன்னேனே சார், நம்ம தீவனத்தையே தொடர்ந்து போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நம்ம பண்ணையில ஒண்ணுமில்லையே." சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், லைன் கட்டாகிவிட்டது. பிறகு என் எண்ணை அவர் எடுப்பதில்லை.

மருத்துவர் விளக்கினார். மருந்து கலந்த தீவனத்தில் இருக்கும்வரை டிசென்ட்ரி பன்றி ஆரோக்கியமாகவே தெரியும். கிருமி குடலை விட்டுப் போயிருக்காது. மருந்து நின்று சில நாளில் தலைகாட்டும். விற்பவருக்கு வேண்டியது வண்டி கிளம்பும் நாளில் வால் உலர்ந்திருப்பதும், அடுத்த ஒரு வாரம் பிரச்சினை வராமலிருப்பதும். அந்த ஒரு வாரத்துக்குத்தான் மூன்று மூட்டை.

இது என் ஊகம் என்று நீங்கள் சொல்லலாம். சாக்கின் அடியில் ஒட்டியிருந்த தீவனத்தைச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் மூன்று சாக்கையும் கழுவி, வெட்டி, கொட்டகை வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்தேன். உங்களுக்கு யாராவது தீவனம் கொடுத்தால், இலவசமோ விலைக்கோ, ஒரு கிலோவை எடுத்துக் கட்டித் தேதி எழுதி வையுங்கள். உள்ளே என்ன மருந்து, கடைசியாக எந்த நாளில் கொடுத்தது என்று எழுதி வாங்குங்கள். மருந்து உடம்பை விட்டு நீங்குவதற்காக இறைச்சிக்கு அனுப்பும் முன் விட வேண்டிய நாட்களையும் அது தெரிந்தால்தான் கணக்கிட முடியும். எனக்கு அந்தக் கணக்கே இல்லை.

புதிய பன்றிகளை நேராகப் பழைய கொட்டகைப் பக்கம் விட்டது என் தப்பு. தனி இடம், தனிக் காலணி, தனி வாளி, குறைந்தது ஒரு மாதம், அதுவும் மருந்து இல்லாத தீவனத்தில். அப்படி வைத்திருந்தால் பதினைந்தோடு நின்றிருக்கும். பிழைத்தவையும் வாரக்கணக்கில் கிருமியைக் கழிந்துகொண்டிருக்கும் என்பதால், தாய்ப்பன்றிகள் உட்பட அத்தனையையும், விட வேண்டிய நாட்கள் கழித்து மருத்துவர் எழுத்தோடு அனுப்பிவிட்டுப் பண்ணையைக் காலி செய்தேன். தரையைச் சுரண்டி, சோப்பு நீரால் கழுவி, காயவிட்டு, கிருமிநாசினி அடித்து, மறுபடி காயவிட்டிருக்கிறேன். ஈரச் சாணத்தில், அதுவும் குளிரில், இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலும் வறட்சியும்தான் அதற்கு ஆகாது.

ஆனால் சுண்டெலியின் வயிற்றில் அது ஆறு மாதம்வரை இருக்கும் என்கிறார் மருத்துவர். பொறி வைத்திருக்கிறேன். ஒரு எலியும் விழாமல் தொடர்ந்து பல நாட்கள் போக வேண்டும், அதன் பிறகுதான் அடுத்த குட்டி. நேற்றும் இரண்டு விழுந்தன.