சிபில் குறைந்தவருக்கும் கார்: அவிநாசி ரோடு கன்சல்டிங் ஒன்று

திருப்பூர் அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடை) 2015 மாடல் வேகன் ஆர் எடுத்தேன். கொரோனாவில் பனியன் ஜாப் ஒர்க் படுத்து, தையல் மிஷின் லோனில் தவணை விட்டுப்போனதால் என் சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண், 600-க்குக் கீழே. பேங்கில் முகமே கொடுக்கவில்லை. இங்கே, "அதெல்லாம் பாத்துக்கலாமுங்ண்ணா" என்று டீ வரவழைத்தார்கள்.

வண்டியில் குறை சொல்ல மாட்டேன். என் மெக்கானிக்கையே கூட்டிவந்து பார்க்க விட்டார்கள். ஏசி மட்டும் சுமார்.

ஃபைனான்ஸ்தான் விஷயமே. வட்டி 14 சதவீதம் என்றார்கள். அது ஃபிளாட், அதாவது அசல் குறைந்தாலும் கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி, என்பதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். 2 லட்சத்துக்கு 36 மாதம் போட்டால் தவணை 7,889 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற முறையில் பார்த்தால் இது 24 சதவீதத்தைத் தாண்டும். வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ, எல்லாச் செலவும் சேர்த்த வருட வட்டியைத் தனித்தாளில் தரவேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாளைக் கேட்டதும் பையன் கொஞ்சம் முழித்தான், அப்புறம் கொடுத்துவிட்டான். அதைப் பார்த்துத்தான் முன்பணத்தை ஏற்றி, 24 மாதமாகக் குறைத்தேன்.

ஆர்சி பெயர் மாற்றம்தான் ரொம்ப இழுவை. பழைய ஓனரின் கடன் ஆர்சியில் அப்படியே இருந்தது. அந்தக் கடனை ஆர்சியிலிருந்து நீக்கும் படிவம் 35-ம், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றான என்ஓசியும் வரும்வரை பாக்கி முன்பணத்தை நான் கொடுக்கவில்லை. வண்டிக்கு நாலு ஸ்டார், பேப்பர் வேலைக்கு இரண்டு.