பூல் ஸ்டிக் உடைஞ்சா தூக்கிப் போடாதீங்க: பெரம்பூர் பக்கம் ஒரு கடைசல் பட்டறை

சென்னையில சொந்தமா பூல் ஸ்டிக் (டேபிள் மேல பந்தை இடிச்சு குழியில தள்ளற பூல் ஆட்டத்துக்கான குச்சி) வெச்சிருக்கறவங்க ரொம்ப கம்மி, வெச்சிருக்கறவங்களுக்கும் அது உடைஞ்சா எங்க போறதுன்னு தெரியாது, அதனால இதை கொஞ்சம் விலாவாரியாவே எழுதறேன், பொறுமை இருக்கறவங்க படிங்க, இல்லாதவங்களுக்கு ஒரே வரி: வேலை சுத்தம், ரேட்டு ரொம்ப கம்மி, ஆனா அவசரத்துக்கு ஆகாது.

முதல்ல என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன். என்னோடது மேப்பிள் மரத்துல செஞ்ச ரெண்டு பீஸ் ஸ்டிக், எங்க அண்ணன் மலேசியாவுல வேலை பார்த்தப்போ வாங்கினது. என் மச்சான் ஒருநாள் வாங்கி ப்ரேக் (ஆட்டத்தோட முதல் அடி) அடிக்கறேன்னு மொத்த உடம்பையும் போட்டு இடிச்சான், பந்துல படற தோல் டிப்பு, அதுக்கு கீழ இருக்கற வெள்ளை ஃபெரூல் எல்லாம் சேர்ந்து சாஞ்சு நின்னுச்சு. பார்த்தா ஃபெரூல்ல மேலேருந்து கீழ வரைக்கும் கீறல், உள்ள மரமும் உடைஞ்சிருக்கு. தெரியாதவங்களுக்கு, ஃபெரூல்ங்கறது சும்மா மேல மாட்டற மூடி இல்ல, ஸ்டிக்கோட நுனி மரத்தையே 8 மில்லி கனத்துக்கு இளைச்சு அதுமேல தான் ஃபெரூலை ஒட்டுவாங்க, டெனான்னு பேரு. 13 மில்லி ஸ்டிக்ல அடிக்கற அடி மொத்தமும் அந்த 8 மில்லி மரத்து மேல தான் விழுது. ஃபெரூல் விரிசல் விட்டப்புறமும் அதை வெச்சு விளையாடினா அடுத்து போறது டெனான் தான், எனக்கு ரெண்டும் ஒரே அடியில போச்சு.

பெரிய ஸ்போர்ட்ஸ் கடை ஒண்ணுல காமிச்சேன், பேரு வேணாம். ஸ்டிக்கை கையில கூட வாங்கல சார், தூரத்துலேருந்தே பார்த்துட்டு "ஷாஃப்ட் (ஸ்டிக்கோட நுனிப் பக்க பாதி) புதுசு தான் போடணும், இந்த த்ரெட்டுக்கு இங்க கிடைக்காது, புது ஸ்டிக் பாருங்க"ன்னு சொல்லி ஷோகேஸ் பக்கம் திரும்பிட்டான். ஒரு பக்கம் அவன் சொன்னதும் நிஜம் தான், ஜாயிண்ட் ஸ்க்ரூ கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஒண்ணோட ஷாஃப்ட் இன்னொண்ணுக்கு ஏறாது. ஆனா உடைஞ்சது நுனியில ஒரு இஞ்ச், அதுக்கு முழு ஸ்டிக்கையும் மாத்துன்னா எப்படி? பூலுக்கு சொந்தக்கார ஆட்டமான ஸ்னூக்கர் பிறந்ததே 1875ல ஜபல்பூர்ல, அதோட ரூல்ஸை எழுதி தொங்கவிட்டது நம்ம ஊட்டி கிளப்ல, அந்த நாட்டுல ஒரு டெனான் மாத்த ஆள் இல்லன்னா கேவலமா இருக்காதா.

கிளப்ல மார்க்கரா, அதாவது ஸ்கோர் எழுதறவனா, இருக்கற ஒரு தம்பி தான் இந்த பட்டறையை சொன்னான். போர்டு கிடையாது. பெரம்பூர் ரயில்வே பக்கம் உள்ள தெருவுல போனா மரத்தூள் வாசனை வரும், அதான் அடையாளம். பெரியவருக்கு அறுபதுக்கு மேல இருக்கும், முழு நேர தொழில் கட்டில் கால், படிக்கட்டு கைப்பிடி, பூரிக்கட்டை, தொட்டில் கட்டை இதெல்லாம் கடைஞ்சு குடுக்கறது தான். ஸ்டிக் ரிப்பேர் பக்கத்துல ஒட்டிக்கிட்ட வேலை, முன்னாடி ரயில்வே ஆளுங்க விளையாடற பில்லியர்ட்ஸ் ஸ்டிக்கை யாரோ கொண்டு வந்து குடுக்கப் போய் பழகிக்கிட்டதா சொன்னார்.

நான் போனதும் அவர் முதல்ல பண்ணது, நான் உடைஞ்ச இடத்தை காமிக்க காமிக்க அதை விட்டுட்டு ஷாஃப்ட்டை கழட்டி கண்ணுகிட்ட வெச்சு துப்பாக்கி குறி பார்க்கற மாதிரி ஒரு பார்வை. "நேரா கீது தம்பி, நேரா இல்லன்னா மேல கை வெக்க மாட்டேன், உன் காசு வேஸ்ட்டு." டேபிள்ல உருட்டிப் பார்க்கறதை எல்லாம் அவர் நம்பறதில்ல, ஷாஃப்ட் அடியில தடிமனாவும் நுனியில மெல்லிசாவும் இருக்கறதால உருட்டும்போது நேரா இருக்கறது கூட ஆடற மாதிரி தெரியும்னார், ரெண்டு பீஸையும் சேர்த்து மாட்டி உருட்டினா ஜாயிண்ட் கோணலா மரம் கோணலான்னு கூட தெரியாதாம். அப்புறம் பட்ல (ஸ்டிக்கோட கைப்பிடி பாதி) ஒரு இடத்தை நகத்தால தட்டி, "இங்க ஏற்கனவே யாரோ வார்னிஷ் அடிச்சிருக்கான், அதை தொடாத, நல்லா தான் அடிச்சிருக்கான்"ன்னார். இன்னொருத்தன் வேலையை பார்த்து திட்டாம பாராட்டற மெக்கானிக்கை நான் வாழ்க்கையில இப்போ தான் பார்க்கறேன்.

இனிமே வேலை. கொஞ்சம் நீளமா வரும், ஏன்னா எனக்கு பிடிச்சதே இது தான், அவரும் ஸ்டூல் போட்டு உட்கார வெச்சு காமிச்சார்.

மீதி இருந்த டெனானை சீவி மட்டம் பண்ணிட்டு, ஷாஃப்ட்டை லேத் (கடைசல் மெஷின்) ஹெட்டுக்குள்ள பின்னாடிலேருந்து விட்டு, மரத்துல மெஷின் பல்லு பதியக் கூடாதுன்னு டேப் சுத்தி பிடிச்சு, நுனி நடுவுல 8 மில்லிக்கு ஒரு ஓட்டை போட்டார். அந்த ஓட்டை நூல் அளவு கோணலா போனாலும் எல்லாம் போச்சு, அதனால முதல்ல சின்ன பிட்டால சும்மா ஒரு புள்ளி, லேத்தை நிறுத்தி பார்க்கறது, திரும்ப ஓட்டறது, திரும்ப நிறுத்தறது. அப்புறம் சுவத்துல சாத்தி வெச்சிருந்த பிவிசி பைப்புலேருந்து ஒரு கத்தை குச்சியை உருவினார். எல்லாமே மத்தவங்க வேணாம்னு போட்டுட்டு போன உடைஞ்ச ஸ்டிக்ஸ்! மேப்பிள் நம்ம ஊர்ல வளராது, மரக்கடையில துண்டா கேட்டா கிடைக்காது, அதனால செத்த ஸ்டிக்கை எல்லாம் சேர்த்து வெச்சிருக்கார். அதுல ரேகை நேரா ஓடற ஒரு துண்டா பொறுக்கி உருளையா கடைஞ்சு ஓட்டைக்குள்ள விட்டு பார்த்தார், இறுக்கமும் இல்ல லொடலொடன்னும் இல்ல.

ஒட்டறதுக்கு முன்னாடி அந்த உருளை மேல நீளவாக்குல அரத்தால ஒரு கோடு இழுத்தார். எதுக்குன்னு கேட்டேன். ஓட்டைக்கு அடியில காத்து மாட்டிக்கும், பசை போட்டு அமுக்கினா அந்த காத்து திரும்ப தள்ளும், பாதில நிக்கும், இல்லன்னா அழுத்தத்துல சுத்தி இருக்கற மரம் பொளக்கும், கோடு இருந்தா காத்தும் மிச்ச பசையும் அது வழியா வெளிய வந்துடும். சொன்ன மாதிரியே அமுக்கும்போது அந்த கோட்டு வழியா மட்டும் பசை புழு மாதிரி நெளிஞ்சு வெளிய வந்துச்சு. பசை அரால்டைட், அதுலயும் அஞ்சு நிமிஷத்துல காயறது கிடையாது, ஒரு முழு நாள் எடுக்கற பழைய ரெண்டு ட்யூப் தான் வேணும்னு பிடிவாதம்.

ஃபெரூலுக்கு வெள்ளை மெட்டீரியல் அவர்கிட்ட இல்ல, ஹைலம் ராடு தான் இருந்துச்சு, துணியை பிசின்ல ஊற வெச்சு அழுத்தி செய்யறது, எலக்ட்ரிக்கல் ஆளுங்களுக்கு நல்லா தெரியும், ப்ரவுன் கலர். கடையும்போது வர்ற நாத்தம் இருக்கே, மூக்கை பிடிச்சுக்கிட்டு வெளிய ஓடினேன், அவர் கைக்குட்டை கட்டிக்கிட்டார். இங்க தான் அவர் மேல மரியாதை இன்னும் ஏறுச்சு, ஏன்னா போடறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார், "இது கொஞ்சம் வெயிட்டு. நுனில வெயிட்டு ஏறுனா சைடு குடுத்து (பந்தோட நடுவை விட்டு ஓரத்துல) அடிக்கும்போது வைட் பால் கொஞ்சம் ஜாஸ்தி விலகும். வெள்ளை தான் வேணும்னா ஆன்லைன்ல வாங்கிட்டு வா, மாட்டி குடுக்கறேன்." நுனி எடை தான் விஷயம்ங்கறதை புரிஞ்சுக்கிட்டு ஸ்டிக் செய்யற ப்ரிடேட்டர் கம்பெனி 1990கள்ல ஷாஃப்ட் நுனிக்குள்ள துளை போட்டு எடையை குறைச்சு வித்தாங்க, அதுக்கு எவ்வளவு விலைன்னு விளையாடறவங்களுக்கு தெரியும். இவர் எந்த கேட்லாக்கும் படிச்சதில்ல, அதையே தொட்டில் கட்டைக்கு நடுவுல நின்னுக்கிட்டு சொல்றார். நான் ஹைலமே போடுங்கன்னுட்டேன். இப்போ விளையாடும்போது நிஜமாவே லாங் பாட்ல (தூரத்து பந்தை குழியில தள்ளற அடி) சைடு போட்டா முன்னவிட விலகுது, ஆனா பழகிடுச்சு, சத்தம் மட்டும் முன்னாடிய விட கெட்டியா "டக்"குன்னு வருது, எனக்கு அது பிடிச்சிருக்கு.

டிப் நான் கையோட கொண்டு போயிருந்தேன், எல்க் மாஸ்டர், சிகாகோல செய்யறது, க்ரோம்ல பதப்படுத்தின தோல், 50 டிப் உள்ள டப்பாவை நாலு பேரா பங்கு போட்டு வாங்கினது. க்ரோம் தோல்னதும் பெரியவர் சிரிச்சார், நம்ம க்ரோம்பேட்டைல பண்ணாத க்ரோம் தோலான்னு. ஆம்பூர்லேருந்து ஷூ அடித்தோல் துண்டு வாங்கியாந்து இவரே டிப் வெட்டிப் பார்த்திருக்கார், அடிக்க அடிக்க ஓரம் காளானா விரிஞ்சிடுச்சாம், "தோல் நல்ல தோல் தான், இந்த வேலைக்கு பொறந்த தோல் இல்ல"ன்னார்.

டிப் ஒட்டறது, அடியை உப்புத்தாள்ல தட்டையா தேய்க்கறது, காஞ்சப்புறம் ஓரத்தை ஃபெரூல் அளவுக்கு பிளேடால சீவறது, எச்சில் தொட்டு (ஆமா எச்சில் தான், தண்ணி தொட்டா ஜாஸ்தி ஊறிடுமாம்) கெட்டி பேப்பரால வேகமா தேய்ச்சு ஓரத்தை கண்ணாடி ஆக்கறது, மேல வளைவுக்கு ஒரு ரூபா காசை வெச்சு பார்க்கறது, எல்லாத்தையும் ஒரு பழைய குச்சில என்னையே செய்ய வெச்சார். "டிப்பு மாத்த எல்லாம் இவ்ளோ தூரம் வராத, வீட்லயே பண்ணிக்க." அவரோட உதவிக்கு இருக்கற அக்கா பையன் முகத்தை பார்க்கணும், வர்ற கஸ்டமரை மாமாவே தொரத்தறாரேன்னு.

ஷாஃப்ட் நடுவுல ரெண்டு மூணு சின்ன பள்ளம் இருந்துச்சு, அதை நான் கேட்கவே இல்ல. அவரே பார்த்துட்டு ஒரு சொட்டு தண்ணில நனைச்ச துணியை அது மேல வெச்சு சால்டரிங் அயர்னால லேசா தொட்டார், புஸ்ஸுன்னு ஆவி வந்துச்சு, பள்ளம் மேல எழும்பிடுச்சு. உப்புத்தாள் போட்டு பள்ளத்தை எடுக்கறவன் ஷாஃப்ட்டையே இளைச்சிடுவான், அமுங்கின மரம் தண்ணி குடிச்சா எழும்பும், வெட்டுப்பட்ட மரம் எழும்பாது, அதனால ரெண்டுக்கும் வித்தியாசம் பார்த்துக்கோன்னு அதுக்கும் ஒரு பாடம். அதுக்கு காசு கேட்டா "ஆவிக்கு என்னா காசு"ன்னுட்டார்.

எல்லாம் சேர்த்து 600 ரூபா. நான் 1000 குடுத்தேன், மீதியை கையில திணிச்சார், அப்புறம் அக்கா பையன் கிட்ட குடுத்துட்டு வந்தேன், அவன் மறுப்பே சொல்லல. இதை ஏன் சொல்றேன்னா, நான் உட்கார்ந்திருந்தப்போ கார்ல வந்த ஒருத்தர் 200 ரூபா வேலைக்கு 150 தரேன்னு பேரம் பேசிட்டிருந்தார், அதுவும் கையில இருந்தது கார்பன் ஷாஃப்ட் உள்ள ஸ்டிக், அதோட விலையில இந்த பட்டறைக்கு ஒரு புது மோட்டாரே வாங்கலாம். பெரியவர் குறைச்சுக்கிட்டார் வேற, எனக்கு தான் பத்திக்கிட்டு வந்துச்சு. கார்பனை மட்டும் தொடல, "எனக்கு தெரியாத சாமான், டிப்பு மட்டும் மாத்தறேன்"ன்னு ஓபனா சொன்னார். அதே நேரத்துல ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பையன் மலிவான ஸ்டிக் ஒண்ணு எடுத்துட்டு வந்தான், அவனுக்கு அந்த பைப்புலேருந்து ஒரு பழைய ஃபெரூலை கழட்டி மாட்டி டிப்புக்கு மட்டும் காசு வாங்கினார். இந்த ஆளோட தாராளம் இருக்கே, அது நமக்கு வசதி, ஆனா அதை சாக்கா வெச்சு ரேட்டு குறைக்கறவங்க தயவுசெஞ்சு இந்த ரிவ்யூவை படிச்சுட்டு அங்க போகாதீங்க.

மைனஸும் சொல்லணும்ல. சொன்ன நாள்ல கிடைக்காது, கல்யாண சீசன்ல கட்டில் ஆர்டர் வந்துட்டா உங்க ஸ்டிக் மூலையில தான் நிக்கும், போன் எடுக்க மாட்டார், லேத் சத்தத்துல கேட்கவும் கேட்காது. ஃபினிஷிங்ல ஷோரூம் பளபளப்பு எதிர்பார்க்காதீங்க, என்னோடதுல ஃபெரூலும் மரமும் சேர்ற இடத்துல விரல் நகத்துக்கு எதுவும் தட்டுப்படாது, ஆனா ப்ரவுன் கலர் தனியா தெரியும். இன்லே டிசைன் (மரத்துல பதிச்ச அலங்காரம்) போனது, ஜாயிண்ட் ஸ்க்ரூ உடைஞ்சது மாதிரி வேலை அவர்கிட்ட கொண்டு போகாதீங்க, அவரே வேணாம்பார். வளைஞ்ச ஷாஃப்ட்டை நிமித்தறதும் பண்ண மாட்டார், நிமித்தினாலும் திரும்ப அதே பக்கம் போகும்னு சொல்லி அனுப்பிடுவார், மூடின கார்ல மே மாச வெயில்ல ஸ்டிக்கை விட்டுட்டு போனவங்க தான் அதிகம் இதுக்கு வர்றாங்களாம்.

5க்கு நாலரை. அரை மார்க் அந்த போன் எடுக்காததுக்கு. காலையில பத்து மணிக்கு மேல போங்க, ஞாயித்துக்கிழமை லீவு, கரண்ட் கட்டான நாள்ல போனா டீ குடிச்சுட்டு திரும்பி வரணும். பைக் மட்டும் தான் உள்ள போகும், ஜிபே இல்ல, சில்லறையா எடுத்துட்டு போங்க, வீட்ல உடைஞ்ச பழைய ஸ்டிக் ஏதாவது கிடந்தா அதையும் எடுத்துட்டு போய் அந்த பைப்புல போட்டுட்டு வாங்க.