தெல்கந்தச் சந்தை: பிள்ளைகளோடு பூசணி வாங்க ஒரு ஞாயிறு காலை

ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் பூசணித் தோட்டங்களுக்குப் போகின்றன. உறைபனி விழமுன் விளைந்த காய்களுக்கு நடுவே ஓடி, பிடித்ததைப் பிள்ளைகளே தெரிந்தெடுப்பார்கள். கொழும்புக்குள் பூசணிக்கொடி படர நிலம் ஏது? கடைத்தொகுதியில் பிளாஸ்டிக் பூசணிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பது அதற்கு ஈடாகாது. பிள்ளை காயைத் தூக்கிப் பார்க்க வேண்டும், தட்டிக் கேட்க வேண்டும், கையில் மண் ஒட்ட வேண்டும். அதற்கு நகரத்துக்குக் கிட்டவுள்ள நல்ல இடம், ஹைலெவல் வீதியில் நுகேகொடையைத் தாண்டி வரும் தெல்கந்தச் சந்தைதான். ஞாயிறு காலையில் போக வேண்டும்.

வெள்ளவத்தைப் பக்கத்திலிருந்து 141 பஸ்ஸில் கிருலப்பனைக்கு வந்து, அங்கிருந்து 138இல் ஏறலாம். புறக்கோட்டையிலிருந்து 138 நேரே வரும். வாகனத்தில் போனால் நிறுத்த இடம் தேடியே அரை மணித்தியாலம் போய்விடும். போகும்போது பஸ், சுமையோடு திரும்பும்போது ஓட்டோ என்று வைத்துக்கொள்வது சுகம். ஏழு மணிக்குள் அங்கே நின்றால் பத்து மணிக்கு முன் வீடு திரும்பலாம். ஒக்டோபரில் கொழும்பில் சராசரியாக 350 மில்லிமீற்றரை ஒட்டிய மழை பெய்கிறது. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம் என்பதால் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடி மின்னலோடு இறங்கும். காலையைத் தவறவிட்டால் பயணமே கெட்டுப்போகும்.

மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறோம். பத்தரமுல்லை தியத்த உயனவில் செடிகளும் அலங்கார மீன்களும் பார்க்கலாம், தியவன்னா ஓரமாக நடக்கலாம். மாலை உலாவுக்கு அருமை, காய்கறிக்கு அல்ல. மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போன பிறகும் மொத்த வியாபார இடம்தான். லொறிகளும் மூட்டை சுமப்பவர்களும் ஓடும் இடத்துக்குச் சிறுவரைக் கூட்டிப் போகக்கூடாது. நுவரெலியா ஸ்ட்ரோபெரித் தோட்டம் ஒரு நாளில் போய்வரும் தூரமில்லை.

சந்தைக்குள் கவனிக்க வேண்டியது நிலம். இலைக்கழிவும் தண்ணீரும் சேர்ந்து வழுக்கும். செருப்பு வேண்டாம், பின்பட்டியுள்ள சப்பாத்து போடுங்கள். தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒடுங்கிய வழிகளில் நுழைவது சிரமம். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், அல்லது ஒருவர் வெளியே நில்லுங்கள். கழிப்பறையை நம்பிப் போகாமல் வீட்டிலேயே முடித்துக்கொண்டு புறப்படுங்கள். சில்லறைத் தாள்களும் இரண்டு துணிப்பைகளும் போதும். மெல்லிய பொலித்தீன் பை 3 கிலோ பூசணியைப் பஸ் தரிப்பிடம் வரைகூடத் தாங்காது.

இனிப் பூசணி. இந்த மாதங்களில் சிறுபோகத்தில் விளைந்து வைத்திருந்த காய்கள் வரும். அதைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். முற்றிய பூசணியைப் பறித்து வைத்தால் அதிலுள்ள மாச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும், சுவை கூடும். முற்றாமல் பறித்த காய்தான் பிரச்சினை: எவ்வளவு வைத்தாலும் தண்ணீராகவே இருக்கும். முற்றியதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். காம்பு பச்சையாக இல்லாமல் தக்கைபோல் காய்ந்திருக்க வேண்டும். தோலில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. நிலத்தில் படுத்திருந்த பக்கம் வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாக இருப்பது நல்லது. ஒரே அளவுக் காய்கள் இரண்டைத் தூக்கிப் பார்த்துப் பாரமானதை எடுக்கச் சொல்லுங்கள். காம்பு முறிந்த காயை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். அந்த வாயால்தான் அழுகல் உள்ளே போகும். வெட்டி வைத்த துண்டு வாங்குவதானால் விதையைச் சுற்றியுள்ள நாரைப் பாருங்கள். வழவழத்துப் புளிவாடை அடித்தால் விடுங்கள்.

வியாபாரியிடம் பூசணி என்று சொன்னால் விளங்காமல் போகலாம், சிங்களத்தில் அது வட்டக்கா. நவராத்திரி நாட்களில் ஆயுத பூசைக்குத் தேடும் நீற்றுப்பூசணி வேறு; அதற்கு அளுபுஹுல் என்று கேளுங்கள். தோலில் வெண்சாம்பல் அழியாமல் படிந்திருந்தால் முற்றிய காய். உடைத்த துண்டுகளை வாசலிலிருந்து உடனே ஒதுக்கிவிடுங்கள், அதில் வழுக்கி விழுந்தால் எலும்பு முறியும். அதே சந்தையில் விளாம்பழமும் கிடைத்தால் ஒரு சாண் உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்க்கலாம். துள்ளினால் காய், துள்ளாமல் பொத்தென்று இருந்தால் பழம். பிள்ளைகளுக்கு இதைவிட விருப்பமான சோதனை அங்கே இல்லை. கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

அமெரிக்கர்போல வீட்டில் பூசணியில் முகம் செதுக்கும் யோசனை இருந்தால் கைவிடச் சொல்வோம். அமெரிக்காவில் செதுக்குவதற்கென்றே வளர்க்கும் இனங்களுக்குச் சதை மெல்லியது. நம்முடைய வரிப்பூசணிக்குத் தோல் கடினம், சதை தடிப்பு, கத்தி வழுக்கிக் கையில் ஏறும். செதுக்கி முடித்தாலும் கொழும்பின் சூட்டிலும் ஈரப்பதத்திலும் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டியால் முகம் வரையட்டும். காய் முழுதாக இருக்கும். சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகையில், காற்றோட்டமான நிழலில் வைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுக் கறி வைக்கலாம்.

அரைக் கிலோவைத் தோலோடு இரண்டு அங்குலத் துண்டாக வெட்டுங்கள். தோலைச் சீவினால் துண்டு கரைந்துவிடும். இரண்டு பச்சை மிளகாய், கால் தேக்கரண்டி மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை, அரைக் கோப்பை இரண்டாம் தேங்காய்ப்பால் சேர்த்து மூடி அவியவிடுங்கள். தண்ணீர் சேர்க்க வேண்டாம், பூசணியே விடும். ஒரு மேசைக்கரண்டி அரிசியையும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவையும் கருகாமல் கடும் மண்ணிறமாக வறுத்து, அரைத் தேக்கரண்டி கடுகோடு அரைத்துப் போடுங்கள். கால் கோப்பை முதற்பாலை அடுப்பைத் தணித்த பிறகே ஊற்றுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் திரையும். அகப்பையால் கிண்டாமல் சட்டியைப் பிடித்து ஆட்டிவிட்டால் துண்டு உடையாது.