கோடையில் குக்கீ: வெண்ணெயா, ஆலிவ் ஆயிலா?

போன வருஷம் சித்திரையில் ஒரு வளைகாப்புக்கு 150 குக்கீ செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு அடுப்படி மேற்குப் பார்த்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் சுவரில் இறங்கிவிடும். வெண்ணெயும் சர்க்கரையும் அடித்து, மாவு சேர்த்து, உருட்டி ஃப்ரிட்ஜில் வைத்தேன். உருண்டைகள் இறுகுவதற்குள் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது நேரம் இல்லாததால் தளர்ந்திருந்த உருண்டைகளை அப்படியே ஓவனில் வைத்தேன். எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, அடை மாதிரி ஒரே தகடாக வெந்து வந்தன.

மீதி வெண்ணெயை எடுத்து மறுபடி அதே பாடு பட மனசு வரவில்லை. பாஸ்தாவுக்காகத் தம்பி வாங்கி வைத்திருந்த ஆலிவ் ஆயில் பாட்டில் அலமாரியில் இருந்தது. அன்று ராத்திரி அதை வைத்தே எல்லாவற்றையும் செய்து முடித்தேன். அதிலிருந்து இன்று வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன். பங்குனி தொடங்கி ஐப்பசி வரைக்கும் எனக்கு ஆலிவ் ஆயில்தான் என்று முடிவாகிவிட்டது.

முதலில், எல்லோரும் கேட்கும் இரண்டு விஷயங்களை முடித்துவிடுகிறேன். விலை: நான் வாங்கும் கடையில் ஒரு தட்டு குக்கீக்கு ஆலிவ் ஆயில் செலவு வெண்ணெயைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. உடம்பு: வெண்ணெயின் எடையில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஆலிவ் எண்ணெயில் அது 14 சதவீத அளவுதான். அந்த வகையில் எண்ணெய் மேல். ஆனால் கலோரியில் ஒன்றும் மிச்சமில்லை. 100 கிராம் வெண்ணெயில் 717 கலோரி. அதற்குப் பதிலாகப் போடும் 80 கிராம் எண்ணெயிலும் 700க்குக் குறையாது. மைதாவும் சர்க்கரையும் அதே அளவுதான். அதனால் இதை ஆரோக்கிய குக்கீ என்று சொல்லி யாருக்கும் நான் கொடுப்பதில்லை.

இந்தப் போட்டியைத் தீர்மானிப்பது விலையும் இல்லை, கலோரியும் இல்லை, வெயில்தான் என்பது என் அனுபவம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குக்கீயில் வெண்ணெய் என்ன வேலை செய்கிறது? அது கெட்டியாகவும் இல்லாமல் உருகியும் போகாமல், விரல் வைத்தால் குழி விழும் பதத்தில் இருக்கும்போது சர்க்கரையோடு சேர்த்து அடித்தால், சர்க்கரையின் கூர்மையான மணிகள் அதற்குள் சின்னச் சின்னக் காற்றறைகளை உண்டாக்கும். அந்தக் காற்றுதான் ஓவனில் விரிந்து குக்கீயை இலேசாக்குகிறது. அதற்கு வெண்ணெய் ஏறக்குறைய 18 முதல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். 32லிருந்து 35 டிகிரிக்குள் அது முழுக்க உருகிவிடும். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் அடுப்படியில் ஒரு சின்ன வெப்பமானி வைத்துப் பார்த்தேன். மதியம் 35 காட்டியது. ஓவன் எரியும்போது இன்னும் ஏறியது. அதாவது வெண்ணெய் வெண்ணெயாகவே இருக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு அதை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பாட்டிமார்களுக்கு இது தெரியும். கடைந்தெடுத்த வெண்ணெயைத் தண்ணீரில் போட்டு, தினம் தண்ணீர் மாற்றி வைத்திருப்பார்கள். சேர்ந்ததும் உருக்கி நெய்யாக்கிவிடுவார்கள். இந்தச் சூட்டில் வெண்ணெய் நாள்கணக்கில் தங்கும் பொருள் இல்லை. வெண்ணெய் பிஸ்கட் குளிர் ஊர்களின் பண்டம். டேனிஷ்காரர்கள் 1620இல் எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியில்தான் கோட்டை கட்டினார்கள். நீல டப்பாவில் வரும் அவர்கள் ஊர் வெண்ணெய் பிஸ்கட் எனக்கு மிகவும் பிடிக்கும். அது டென்மார்க் குளிரில் பிறந்த செய்முறை. தரங்கம்பாடிக் கடற்கரை ஓரத்து வீட்டில் மே மாதம் அதே செய்முறையைச் செய்தால் அதே பிஸ்கட் வராது.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து செய்தால் வெண்ணெய் கொஞ்சம் கேட்கும். நானே அப்படிச் செய்திருக்கிறேன். பாத்திரத்தைக் குளிர வைத்து, மாவைக் குளிர வைத்து, உருட்டியதை மறுபடி குளிர வைத்து என்று ஒரு தட்டுக்கு மூன்று முறை ஃப்ரிட்ஜுக்கு நடக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் வீண். எண்ணெய்க்கு இந்தக் கவலையே கிடையாது. காலையிலும் அதே பதம், மதியத்திலும் அதே பதம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் எத்தனையோ ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜை நம்பி ஒரு சின்னத் தொழிலை நடத்துவது டெல்டாவில் எவ்வளவு நிச்சயமில்லாதது என்பது இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். வெண்ணெய் குக்கீ ஆறியதும் உள்ளே இருக்கும் கொழுப்பு மறுபடி இறுகும். அந்த இறுக்கம்தான் கடிக்கும்போது 'படக்' என்று உடையும் சுகத்தைத் தருகிறது. எண்ணெய் குக்கீயில் அது வராது என்பதுதான் வெண்ணெய் பக்கம் பேசுபவர்கள் சொல்லும் பெரிய குறை. சரி, நம் வீட்டுக் கூடத்தில் 34 டிகிரி இருக்கும்போது வெண்ணெய் எங்கே இறுகுகிறது? திருவாரூரில் இருக்கும் அக்காவுக்கு ஒரு டப்பா வெண்ணெய் குக்கீயும் ஒரு டப்பா எண்ணெய் குக்கீயும் மே மாதம் பஸ்ஸில் கொண்டுபோனேன். திறந்து பார்த்தால் இரண்டு டப்பாவிலும் அடியில் விரித்த பேப்பர் ஒரே மாதிரி எண்ணெய் வாங்கியிருந்தது. வெண்ணெயின் முக்கியமான பலத்தை நம் கோடை முதலிலேயே பறித்துவிடுகிறது.

இப்போது செய்முறைக்கு வருவோம். 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் ஆலிவ் ஆயில். மில்லியில் சொன்னால் கிட்டத்தட்ட 88. காரணம், வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு. மீதியில் பெரும்பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரும் வேண்டும் என்பதால் ஒரு மேசைக்கரண்டி பால் சேர்க்கிறேன். பால் சாப்பிடாதவர்கள் தண்ணீரே சேர்க்கலாம். பாக்கெட் வெண்ணெயில் பெரும்பாலும் உப்பு ஏற்கெனவே இருக்கும். எண்ணெயில் இருக்காது. கால் டீஸ்பூன் உப்பை மறந்துவிட்டால் குக்கீ சப்பென்று ஆகிவிடும்.

200 கிராம் மைதா, 100 கிராம் பொடித்த சர்க்கரை, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். எண்ணெய், சர்க்கரை, பால் மூன்றையும் கம்பிக் கரண்டியால் கெட்டியாக வரும்வரை அடித்துவிட்டு மாவைக் கடைசியில் போட்டு, சேர்ந்தால் போதும் என்று நிறுத்திவிட வேண்டும். மின்சார பீட்டர் தேவையில்லை. எண்ணெய் மாவின் ஒவ்வொரு துகளையும் சுற்றிக்கொள்வதால் ஜவ்வுத்தன்மை அதிகம் வராது. மாவு கையில் பொலபொலவென்று இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் எண்ணெய் ஊற்றக் கூடாது. 20 நிமிஷம் மூடி வைத்தால் மாவு ஈரத்தை வாங்கிக்கொண்டு உருட்டும் பதத்துக்கு வந்துவிடும். உருட்டி, உள்ளங்கையில் இலேசாகத் தட்டி, 170 டிகிரியில் 12 முதல் 14 நிமிஷம். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். சூட்டில் தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும்.

காற்றறைகள் இல்லாததால் இது வெண்ணெய் குக்கீ மாதிரி இலேசாக இருக்காது. கொஞ்சம் கனமாக, மணல் மணலாகக் கரையும். எனக்கு அதுவே பிடித்துப்போய்விட்டது. ஆனால் அச்சில் வெட்டி நட்சத்திரம், மணி என்று செய்ய நினைத்தால் எண்ணெய் மாவு ஓரங்களில் வெடிக்கும். முட்டை சேர்த்தால் மாவு நன்றாகச் சேர்ந்து வரும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் முட்டை கிடையாது, அதனால் அதை என் அனுபவமாகச் சொல்ல முடியாது.

எந்த ஆலிவ் ஆயில்? இங்கே கவனம் வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சின்ன பாட்டிலில் விற்பதில் பல, உடம்பில் தேய்க்க மட்டும். லேபிளைப் படிக்காமல் அதை அடுப்படிக்குக் கொண்டுவரக் கூடாது. நான் முதல் தடவை செய்தபோது எங்கள் அத்தை கேட்டதும் அதைத்தான்: "ஆலிவ் ஆயிலா? அது குழந்தைக்குத் தேய்ச்சு விடுறதாச்சே, அதைப் போயி பிஸ்கட்ல ஊத்துறியே?"

சமையலுக்கான பாட்டில்களில் 'லைட்' என்று போட்டிருந்தால் மணமும் நிறமும் குறைவு என்று அர்த்தம். கலோரி குறைவு என்று இல்லை. 'போமஸ்' என்பது பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது. விலை குறைவு, வாசனை அநேகமாக இல்லை. அதில் ஒருமுறை செய்தேன், குக்கீ நன்றாகவே வந்தது. ஆனால் வாசனையே இல்லாத எண்ணெய்க்கு எதற்கு இவ்வளவு பணம்? சூரியகாந்தி எண்ணெயே அந்த வேலையைச் செய்துவிடும். காசு கொடுத்து ஆலிவ் ஆயில் வாங்கினால் அதன் மணத்துக்காக வாங்க வேண்டும். அப்படியென்றால் பழத்திலிருந்து நேரடியாகப் பிழிந்த, சுத்திகரிக்காத எக்ஸ்ட்ரா வர்ஜின்தான்.

அந்த மணம் எல்லாவற்றோடும் சேராது. ஏலக்காய் போட்ட குக்கீயில் இரண்டு வாசனையும் முட்டிக்கொண்டன. எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டபோது மிகப் பிரமாதம். நாரத்தைத் தோல் கொஞ்சம் துருவிப் போட்டுப் பார்த்தேன். அதன் இளங்கசப்பும் எண்ணெயின் காரமும் அவ்வளவு பொருத்தம். சாக்லேட்டும் நன்றாகச் சேர்கிறது. கிரீஸில் கிறிஸ்துமஸுக்கு மெலோமக்காரோனா என்று ஒரு குக்கீ செய்கிறார்கள். ஆலிவ் எண்ணெயில் ஆரஞ்சு வாசனையோடு செய்து, தேன் பாகில் முக்கி எடுப்பார்கள். அங்கே அது வெண்ணெய்க்கு மாற்று இல்லை, அதுவே மூலம். நம்மைப் போலவே வெயில் காயும் ஊர்க்காரர்கள் கையில் இருந்த எண்ணெயில் செய்தது. எனக்கு நம்பிக்கை கொடுத்ததே அந்தக் குக்கீதான்.

திறந்த பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் பட்டால் சிக்கு வாடை வந்துவிடும். அரை லிட்டருக்கு மேல் நான் வாங்குவதில்லை. செய்த குக்கீ டப்பாவில் 12 நாள் வரை நன்றாக இருந்தது. அதற்கு மேல் எங்கள் வீட்டில் மிஞ்சியதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு வகையும் நமத்துப்போகின்றன. 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் காட்டினால் இரண்டும் பிழைத்துக்கொள்ளும்.

வெண்ணெய்க்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அதில் இருக்கும் பால் துகள்கள் ஓவனில் சிவக்கும்போது வரும் மணத்தை எந்த எண்ணெயும் தராது. மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றே பொருளில் செய்யும் ஷார்ட்பிரெட்டை எண்ணெயில் செய்யவே கூடாது, அங்கே வெண்ணெய்தான் ருசி. மார்கழி, தையில் விடியற்காலைக் குளிரில் வெண்ணெய் சொன்ன பேச்சைக் கேட்கும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கும் ஆர்டர் முழுக்க வெண்ணெயில்தான் செய்யப்போகிறேன். பால்காரரிடம் வாங்கும் வீட்டு வெண்ணெய் என்றால் மட்டும் ஜாக்கிரதை. மோர்த் தண்ணீர் ஒருநாள் அதிகமாகவும் ஒருநாள் குறைவாகவும் இருக்கும், குக்கீ பரவுவதும் அதற்கேற்ப மாறும். நன்றாகப் பிசைந்து தண்ணீரை வடித்துவிட்டு எடை போடுங்கள்.

நல்லெண்ணெயில் செய்யக் கூடாதா என்று டெல்டாவில் யாரும் கேட்காமல் இருக்க மாட்டார்கள். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டு ஒரே ஒரு தட்டு செய்தேன். வாசனை அதிரசத்தை நினைவுபடுத்தியது, வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள். ஆனால் கருப்பட்டியின் ஈரத்தில் நடுப்பகுதி வேகாமல் நின்றுவிட்டது. பாலைக் குறைப்பதா, சூட்டைக் குறைத்து அதிக நேரம் வைப்பதா என்று இன்னும் இரண்டு மூன்று தட்டு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதற்கு அளவு சொல்வேன்.